டார்ட்டில்லா ரோல்: விருந்துக்கு முன் வரும் கேள்விகளும் பதில்களும்

ஆட்கள் வந்து உட்காரும் நேரத்தில் அடுப்படியில் நிற்கப் பிடிக்காதவர்களுக்கு ஏற்ற பண்டம் இது. சப்பாத்தி போன்ற மெல்லிய கோதுமை டார்ட்டில்லாவின் மேல், வெண்ணெய் போலத் தடவ வரும் மிருதுவான கிரீம் சீஸ் கலவையைத் தடவி, பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, குளிர வைத்து, வில்லை வில்லையாக வெட்டினால் வேலை முடிந்தது. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். எளிதுதான் என்று இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: கலவைக்குள் தண்ணீரை விட்டுவிடுவது, ஆறப் பொறுக்காமல் கத்தியை எடுப்பது. கீழே உள்ளவற்றில் பாதி மற்றவர்கள் என்னிடம் கேட்டவை. மீதி, நானே கையைச் சுட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டவை.

இது எந்த ஊர்ப் பண்டம்?

டார்ட்டில்லா மெக்சிகோவுடையது. பெயர் ஸ்பானிய மொழி. அவர்கள் உச்சரிப்பில் 'டோர்ட்டியா'. ஸ்பெயினில் போய் அதே பெயரைச் சொல்லிக் கேட்டால் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தடிமனான ஆம்லெட் வரும், அது வேறு கதை. மெக்சிகோவில் ஆதியிலிருந்து இருந்தது மக்காச்சோள டார்ட்டில்லா. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கோதுமையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்நாட்டின் வடபகுதியில் கோதுமை டார்ட்டில்லா வேர்பிடித்தது. இன்று நாம் வாங்கும் வகை கிரீம் சீஸ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தில் உருவானது. இரண்டையும் சேர்த்துச் சுருட்டியது அமெரிக்க விருந்துப் பழக்கம். அங்கே இதற்கு 'பின்வீல்' என்றும் பெயர் உண்டு, அதாவது காற்றாடி. ஆகவே மெக்சிகோவின் பாரம்பரிய உணவு என்று விருந்தினரிடம் அளந்துவிடாதீர்கள்.

எந்த டார்ட்டில்லா வாங்குவது? சோளத்தில் செய்தது ஆகாதா?

ஆகாது. கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது; அதுதான் மாவுக்கு இழுவையும் வளைவும் தருகிறது. சோளத்தில் அது இல்லை. சோள டார்ட்டில்லாவைச் சூடாக இருக்கும்போது மடிக்கலாம், ஆறியதும் சுருட்டினால் வெடித்துவிடும். நம் பண்டமோ குளிர்ந்த நிலையில் சாப்பிடுவது.

25 செ.மீ. விட்டமுள்ள கோதுமை டார்ட்டில்லா சரியான அளவு. 20 செ.மீ. கிடைத்தால் அதிலும் செய்யலாம், சுற்று குறையும், துண்டுகள் சிறியதாக வரும். பாக்கெட்டை வாங்கும் முன் லேசாக வளைத்துப் பாருங்கள். விறைப்பாக நின்றாலோ ஓரத்தில் மாவு உதிர்ந்தாலோ அது பழசு, வேறு எடுங்கள். பசலைக்கீரை, தக்காளி சேர்த்த பச்சை, சிவப்பு டார்ட்டில்லாக்களும் உண்டு. அவை பார்வைக்குத்தான், சுவையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை. ஆனால் வெள்ளையும் பச்சையும் மாற்றி மாற்றி அடுக்கிய தட்டு அழகாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன்.

முதல்முறை செய்கிறேன். ஒரே ஒரு அளவு சொல்லுங்கள்.

25 செ.மீ. டார்ட்டில்லா 5. அதற்குக் கிரீம் சீஸ் 225 கிராம், சவர் கிரீம் அல்லது கெட்டியான தயிர் 4 மேசைக்கரண்டி, துருவிய செடார் சீஸ் 100 கிராம், பொடியாக நறுக்கிய குடைமிளகாய் ஒரு கைப்பிடி, விதை நீக்கி நறுக்கிய கறுப்பு ஆலிவ் அரைக் கைப்பிடி, வெங்காயத்தாள் 3, ஊறுகாய் போட்ட ஹாலபேன்யோ மிளகாய் 1 மேசைக்கரண்டி, பூண்டுப் பொடி அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி. ஒரு டார்ட்டில்லாவுக்குச் சுமார் 100 கிராம் கலவை, 5 ரோல், ஏறக்குறைய 50 துண்டுகள்.

உப்பைப் பட்டியலில் சேர்க்கவில்லை, மறந்துபோய் அல்ல. செடார், ஆலிவ், ஊறுகாய் மிளகாய் மூன்றிலும் உப்பு இருக்கிறது. கலந்து, பத்து நிமிடம் விட்டு, அப்புறம் ருசி பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

பச்சைப் பூண்டை அரைத்துப் போடலாமா என்பது இதோடு வரும் கேள்வி. போடாதீர்கள். கலந்த உடனே ருசி பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தபின் அந்த ஒரு பல் பூண்டு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வதக்காத சாதா வெங்காயமும் அப்படித்தான், அதனால்தான் வெங்காயத்தாள்.

கலவையில் கிரீம் சீஸ் கட்டி கட்டியாக நிற்கிறது. என்ன செய்வது?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் கலந்திருப்பீர்கள். சின்னத் துண்டுகளாக வெட்டி அரை மணி நேரம் வெளியே வையுங்கள், முழுக் கட்டியாக இருந்தால் கூடுதல் நேரம் எடுக்கும். விரலால் அழுத்தினால் குழிய வேண்டும். முதலில் கிரீம் சீஸை மட்டும் தனியாக அடித்து மிருதுவாக்குங்கள், பிறகு சவர் கிரீம், காய்கள் கடைசியில். கட்டியோடு தயிரைச் சேர்த்துவிட்டால், கட்டிகள் தயிரில் நீந்துமே தவிரக் கரையாது.

மைக்ரோவேவில் வைத்து இளக்குவது ஆபத்தான குறுக்குவழி. ஒரு பக்கம் உருகி எண்ணெய்ப் பதமாகிவிடும், இன்னொரு பக்கம் கல்லாகவே நிற்கும்.

கொழுப்பு குறைந்த கிரீம் சீஸ் போடலாமா?

போடலாம், ஆனால் அதற்கு ஏற்றபடி கையை இறுக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸ் என்ற பெயரில் விற்பதில் குறைந்தது 33 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதன் தம்பி மாதிரியான 'நியூஷாடெல்' என்ற வகையில் கொழுப்பு 20லிருந்து 33 சதவீதத்துக்குள். ஈரம் 65 வரை போகலாம். கொழுப்பைக் குறைத்தால் அந்த இடத்தை நிரப்புவது தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் கடைசியில் டார்ட்டில்லாவுக்குள் போய் உட்காரும். ஆகவே அந்த வகையை எடுத்தால் சவர் கிரீமைப் பாதியாக்குங்கள் அல்லது விட்டுவிடுங்கள். இதே காரணத்துக்காக, டப்பாவில் வரும் 'ஸ்ப்ரெட்' வகையைவிடக் கட்டியாக வருவதே எனக்கு ஒத்துவரும்.

மறுநாள் எடுத்துப் பார்த்தால் நசநசவென்று ஊறிப்போயிருக்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒருமுறை நாற்பது பேருக்குச் செய்தேன். உறைந்த பசலைக்கீரையைக் கரையவைத்து, கையால் ஒரு பிழி பிழிந்துவிட்டு, "போதும், சொட்டவில்லையே" என்று கலவையில் போட்டேன். காலையில் ஒரு ரோலைத் தூக்கினேன். பிளாஸ்டிக் தாளுக்குள் பச்சைத் தண்ணீர் தேங்கி நின்றது. டார்ட்டில்லாவின் அடிப்பக்கம் விரல் பட்டதும் களிபோலப் பிய்ந்து வந்தது. எட்டு ரோல், எட்டும் அப்படியே. அன்று விருந்தில் சிப்ஸ்தான்.

அதற்குப் பிறகு நான் கண்டுகொண்டது இதுதான்: சொட்டாமல் இருப்பது வேறு, காய்ந்து இருப்பது வேறு. நறுக்கிய காயின் ஒவ்வொரு வெட்டிலும் ஈரம் கசியும். கலவையில் இருக்கும் உப்பு அந்த ஈரத்தை இன்னும் வெளியே இழுக்கும். பன்னிரண்டு மணி நேரம் அது இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கலவைக்குள் போகும் முன்பே ஈரத்தை எடுத்துவிட வேண்டும்.

கீரையை மெல்லிய துணியில் கட்டி, இனி முறுக்க முடியாது என்ற அளவுக்கு முறுக்குங்கள். 250 கிராம் உறைந்த கீரை, பிழிந்தபின் ஒரு சின்னப் பந்தாகிவிடும், பார்த்தால் மனசு கேட்காது, பரவாயில்லை. ஆலிவ், ஹாலபேன்யோ, ஜாடியில் வரும் சுட்ட சிவப்புக் குடைமிளகாய் ஆகியவற்றை வடிகட்டியில் போட்டு வடியவிட்டு, நறுக்கி, டிஷ்யூ பேப்பரில் பரப்பி, மேலே இன்னொரு தாள் வைத்து அழுத்துங்கள். தாள் நனைந்தால் மாற்றி மறுபடி அழுத்துங்கள். தாள் காய்ந்தபடியே வரும்வரை. வெள்ளரிக்காய் சேர்க்க ஆசைப்பட்டால் விதைப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, நறுக்கி, உப்புத் தூவி 15 நிமிடம் வைத்துப் பிழியுங்கள். புதுத் தக்காளியை விட்டுவிடுங்கள், அதோடு போராட முடியாது. தக்காளிச் சுவை வேண்டும் என்றால் வெயிலில் உலர்த்திய தக்காளி இருக்கிறது. எண்ணெயில் ஊறியதாக இருந்தால் அதையும் ஒற்றி எடுங்கள். சல்சா என்ற தக்காளி-மிளகாய்ச் சட்னியைத் தனிக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள வையுங்கள், உள்ளே ஊற்றாதீர்கள்.

எவ்வளவு கனமாகத் தடவுவது? எப்படிச் சுருட்டினால் நடுவில் ஓட்டை விழாது?

இரண்டு மில்லிமீட்டர். அதாவது, அடியில் இருக்கும் டார்ட்டில்லா தெரியாத அளவுக்கு, அதற்குமேல் வேண்டாம். நிறைய வைத்தால் தாராளமாக இருக்கும் என்று தோன்றும். சுருட்டும்போது அது பிதுங்கி உங்கள் கைக்குத்தான் வரும்.

டார்ட்டில்லாவை மேசையில் விரியுங்கள். கலவையை நடுவில் குவித்து, வெளிப்பக்கமாகத் தள்ளித் தடவுங்கள். உங்களுக்கு அருகில் உள்ள விளிம்பு வரை தடவலாம், பக்கவாட்டிலும் தடவலாம். எதிர்ப்பக்க விளிம்பில் மட்டும் இரண்டு செ.மீ. வெற்றாக விடுங்கள். சுருட்டச் சுருட்டக் கலவை முன்னால் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

முதல் மடிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அருகில் உள்ள விளிம்பை இரண்டு கை விரல்களாலும் தூக்கி, ஒரு செ.மீ. அளவுக்கு மடித்து, விரல் நுனியால் நீளவாக்கில் அழுத்துங்கள். அந்த மடிப்புக்குள் காற்று இருந்தால் அதுதான் பிறகு நடுவில் ஓட்டையாகத் தெரியும். அதன்பின் கட்டைவிரல்கள் பின்னாலிருந்து தள்ள, மற்ற விரல்கள் முன்னாலிருந்து உள்பக்கமாக இழுத்துப் பிடிக்க, பாயைச் சுருட்டுவது போல உருட்டிக்கொண்டே போங்கள். கடைசி விளிம்பு ஒட்டவில்லை என்றால் அங்கே ஒரு விரல் கலவையைப் பசை மாதிரித் தடவுங்கள்.

காய் நறுக்கும்போதே சுருட்டுவதை நினைவில் வைக்க வேண்டும். பட்டாணியைவிடப் பெரிய துண்டு உள்ளே இருந்தால் டார்ட்டில்லா அங்கே முட்டிக்கொண்டு நிற்கும், அதன் இரண்டு பக்கமும் இடைவெளி விழும்.

சுருட்டும்போதே கிழிகிறது.

குளிர்ந்திருக்கும். ஃப்ரிட்ஜ் குளிரில் மாவுச்சத்து இறுகி ரொட்டி வகைகள் வேகமாக விறைத்துப்போகும். ஈர டிஷ்யூ பேப்பர் ஒன்றைச் சுற்றி மைக்ரோவேவில் 10 முதல் 15 விநாடி காட்டுங்கள், அல்லது வெறும் கல்லில் பக்கத்துக்குச் சில விநாடி. தொட்டால் வெதுவெதுப்பு இருக்கலாம், சூடு இருக்கக்கூடாது. சூட்டோடு தடவினால் கிரீம் சீஸ் இளகி வழியும். லேசாகக் கீறல் விட்ட டார்ட்டில்லாவை எறிய வேண்டாம். கீறல் முதல் சுற்றுக்குள் போகும்படி வைத்துச் சுருட்டினால் யாருக்கும் தெரியாது.

எவ்வளவு நேரம் குளிர வைக்க வேண்டும்? ஃப்ரீசரில் அரை மணி வைத்தால் போதாதா?

ஃப்ரிட்ஜில் குறைந்தது 2 மணி நேரம். ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. குளிரில் கலவை இறுகுவது ஒரு பக்கம். கலவையின் லேசான ஈரத்தை டார்ட்டில்லா வாங்கிக்கொண்டு, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இன்னொரு பக்கம். இரண்டாவது வேலையை ஃப்ரீசர் செய்யாது. அவசரத்துக்கு 30 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து வெட்டலாம்தான், வெட்டும்போது அழகாக இருக்கும், தட்டில் இருக்கும்போது மெல்ல அவிழும்.

ஒவ்வொரு ரோலையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையையும் மிட்டாய்த் தாள் போல முறுக்குங்கள். முறுக்க முறுக்க ரோல் இன்னும் இறுகும். விளிம்பு அடிப்பக்கம் வரும்படி தட்டையாக வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ளது சப்பையாகிவிடும்.

வெட்டும்போது நசுங்கி முட்டை வடிவமாகிறது. எந்தக் கத்தி?

பிரெட் வெட்டும் பல் கத்தி. மேலிருந்து அழுத்தாதீர்கள். கத்தியின் எடை மட்டும் போதும், ரம்பம் இழுப்பது போல முன்னும் பின்னும் நீளமாக இழுங்கள். முதல் தோல் அறுபட்டதும் மீதி தானாக இறங்கும். இரண்டு மூன்று துண்டுக்கு ஒருமுறை கத்தியை ஈரத்துணியில் துடையுங்கள். இல்லாவிட்டால் முந்தைய துண்டின் கலவை அடுத்த துண்டின் முகத்தில் பூசிக்கொண்டு, சுருள் தெரியாமல் போய்விடும். ரோலை ஒவ்வொரு வெட்டுக்கும் கால் திருப்பு திருப்பிக்கொண்டால் ஒரே பக்கம் சப்பையாகாது.

நூலை அடியில் விட்டு, மேலே குறுக்காக இழுத்து அறுக்கும் வித்தையும் உண்டு. மாவு உருளைக்கு அது பிரமாதம். டார்ட்டில்லாவின் தோல் நூலுக்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது. நான் முயன்று விட்டுவிட்டேன்.

துண்டின் கனம் 2 செ.மீ. அதைவிட மெல்லியதாக வெட்டினால் படுத்தபடியே அவிழும். கூடினால் ஒரே வாயில் போட முடியாது.

ஓரத் துண்டுகள் மட்டும் ஒல்லியாக, சுற்றே இல்லாமல் வருகின்றனவே?

வட்டத்தைச் சுருட்டினால் அப்படித்தான் வரும், உங்கள் கைக்குற்றம் இல்லை. நடுப்பகுதியில் 25 செ.மீ. நீளம் சுருளுகிறது, முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி உள்ள இடத்தில் சுருளும் நீளம் 14 செ.மீ.கூட இல்லை. அதனால் நடுத்துண்டு மூன்றரை செ.மீ. விட்டம் இருந்தால் ஓரத்துண்டு இரண்டரைதான் தேறும்.

மிக ஒல்லியான துண்டுகள் வரவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தால், சுருட்டும் முன் டார்ட்டில்லாவின் இடது, வலது விளிம்புகளை இரண்டு இரண்டு செ.மீ. நேராக வெட்டி எடுத்துவிடுங்கள். நான் அப்படிச் செய்வதில்லை. முனைகளை வெட்டியபின் நறுக்கித் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டுவிடுவேன். சமைத்தவர்களுக்கான பங்கு அது.

எத்தனை பேருக்கு எத்தனை துண்டு?

வேறு தின்பண்டங்களும் இருந்தால் ஆளுக்கு 3 அல்லது 4. இது மட்டும்தான் என்றால் 6 முதல் 8. இருபது பேருக்கு, மற்ற பண்டங்களோடு, 80 துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 8 ரோல், 360 கிராம் கிரீம் சீஸ். ஒரு ரோல் கூடுதலாகச் செய்துவிடுங்கள். எப்படியும் ஒன்று சரியாக அமையாது.

எத்தனை நாள் முன்னால் செய்துவைக்கலாம்?

முந்தைய நாள் சாயங்காலம் என்பதுதான் பொன்னான நேரம். 24 மணி நேரம் வரை நன்றாகவே இருக்கும். இரண்டாம் நாள் சாப்பிடலாம், ஆனால் விளிம்புகள் தளர்ந்திருக்கும். முழு ரோலாக வைத்து, பரிமாறும் முன் வெட்டுங்கள். வெட்டி வைத்தால் முகம் காய்ந்து மஞ்சளடிக்கும்.

கலவையை மட்டும் இரண்டு நாள் முன்பே செய்து, மூடிய டப்பாவில் வைத்து, முந்தைய நாள் சுருட்டுவதும் நல்ல வழிதான். டப்பாவைத் திறந்ததும் மேலே தண்ணீர் நின்றால் அதைக் கலக்கிவிடாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைக்கலாமா?

பச்சைக் காய் சேர்க்காத ரோல்களை ஒரு மாதம் வரை வைக்கலாம்: சீஸ், உலர்ந்த மூலிகைகள், சமைத்த இறைச்சி மாதிரி. கிரீம் சீஸ் உறைந்து இளகும்போது அதிலுள்ள நீர் பிரிந்து கொஞ்சம் திரிதிரியாக வரும். துருவிய செடார் நிறைய இருந்தால் அது அவ்வளவாகத் தெரியாது. ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி ஒரு ராத்திரி விட வேண்டும். குடைமிளகாய், வெள்ளரிக்காய் போட்டவற்றை உறைய வைக்காதீர்கள். இளகும்போது பசலைக்கீரைக் கதைதான்.

விருந்து மேசையில் எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம்?

2 மணி நேரம். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெக்கையாக இருந்தாலோ, வெயிலில் விருந்து என்றாலோ 1 மணி நேரம்தான். 4 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால் உணவுப் பாதுகாப்பில் வைத்திருக்கும் கணக்கு இது. பார்த்தால் கெடாத மாதிரிதான் இருக்கும், முகர்ந்தாலும் தெரியாது, அதனால் மூக்கை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டாமல், இருபது இருபதாக எடுத்து வையுங்கள். மீதி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஒரு தட்டு காலியானதும் அதிலேயே நிரப்பாமல் புதுத் தட்டு எடுங்கள். தட்டை முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்வித்திருந்தால் துண்டுகள் இன்னும் கொஞ்ச நேரம் விறைப்பாக நிற்கும்.

கிரீம் சீஸ் கிடைக்கவில்லை. அல்லது பால் பொருளே வேண்டாம். என்ன வழி?

தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வடியவிடுங்கள். பாதிக்கும் குறைவாகச் சுருங்கும். புளிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும், ஆகவே சவர் கிரீமை விட்டுவிட்டுச் செடாரைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆட்டுப்பால் சீஸ் கிடைத்தால் அதைக் கிரீம் சீஸோடு பாதிக்குப் பாதி கலக்கலாம், வால்நட்டும் தேனும் அதற்குப் பொருத்தம்.

பால் இல்லாமல் வேண்டும் என்றால் முந்திரி. 150 கிராம் முந்திரியை 4 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒன்றிரண்டு கரண்டித் தண்ணீர் சேர்த்து வெண்ணெய்ப் பதமாக அரையுங்கள். ஃப்ரிட்ஜில் இறுகும். ஹம்மஸ் (கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த விழுது) தடவியும் செய்யலாம், சுலபம். ஆனால் அது கிரீம் சீஸ் போல இறுகாது, அதனால் மெல்லிதாகத் தடவி அன்றைக்கே பரிமாறிவிடுங்கள். எதுவானாலும், டார்ட்டில்லா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சில வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள்.

குளூட்டன் ஆகாதவர்களுக்கென்று தனி டார்ட்டில்லாக்கள் கிடைக்கின்றன. அவை சீக்கிரம் வெடிக்கும், கட்டாயம் வெதுவெதுப்பாக்கிச் சுருட்ட வேண்டும். அவற்றைத் தனிக் கத்தி, தனிப் பலகையில் வெட்டி, தனித் தட்டில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத பண்டம் இது. பால், கோதுமை, முந்திரி, எள் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவது நல்லது.

இறைச்சி, மீன் வைக்கலாமா?

வைக்கலாம். வான்கோழி, ஹாம் போன்ற மெல்லிய தகடு இறைச்சியைக் கிரீம் சீஸின் மேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சமைத்த கோழியாக இருந்தால் நன்றாக உதிர்த்துக் கலவையோடு சேர்த்துவிடுங்கள். புகையிட்ட சால்மன், டில் இலை, எலுமிச்சைத் தோல் துருவல் மூன்றும் சேர்ந்தால் வேறு எதுவும் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கர்ப்பிணிகள் வருகிறார்கள் என்றால் அந்தத் தட்டை அவர்களிடமிருந்து தள்ளி வையுங்கள். சமைக்காத, குளிர்முறையில் புகையிட்ட மீனிலும், சூடாக்காத தகடு இறைச்சியிலும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இருக்க வாய்ப்புண்டு. அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். கிருமி நீங்கச் சூடாக்கிப் பதப்படுத்திய (பாஸ்சரைஸ்) பாலில் செய்த கிரீம் சீஸால் அந்தச் சிக்கல் இல்லை.

காரம் ஆகாத குழந்தைகளுக்கு?

ஹாலபேன்யோவுக்குப் பதில் இனிப்புச் சோளமணி. தண்ணீரை வடித்து, ஒற்றி எடுத்து. வேறு மாற்றம் தேவையில்லை. இனிப்பாக வேண்டும் என்றால் கிரீம் சீஸில் கொஞ்சம் தேனும் பட்டைத்தூளும் கலந்து, மெல்லியதாக நறுக்கிய ஸ்ட்ராபெர்ரியை ஒற்றி எடுத்து வைத்துச் சுருட்டலாம். அதை மட்டும் முந்தைய நாளே செய்யாதீர்கள், பழம் தண்ணீர் விடும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் சேர்த்தது கொடுக்கக்கூடாது.

சூடாகப் பரிமாற முடியுமா?

வெட்டிய துண்டுகளைப் படுக்கவைத்து 200 டிகிரி அவனில் 10, 12 நிமிடம் வைத்தால் ஓரம் மொறுமொறுப்பாகி, சீஸ் லேசாகப் பொங்கும். கலவையில் சவர் கிரீமைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தட்டெல்லாம் ஓடும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுப்படியில் நிற்க வேண்டாம் என்று ஆரம்பித்த வேலை இது.

இன்னொருவர் வீட்டு விருந்துக்கு எடுத்துப் போவது எப்படி?

வெட்டாமல் எடுத்துப் போங்கள். சுற்றிய ரோல்களை ஐஸ் பையோடு ஒரு டப்பாவில் வைத்து, கூடவே உங்கள் பல் கத்தியையும் ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். போகிற வீட்டில் அந்தக் கத்தி இருக்கும் என்று நம்பிப் போய் ஒருமுறை ஸ்டேக் கத்தியால் அறுபது துண்டு வெட்டினேன். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டுகளைப் படுக்கவைத்து ஒரே அடுக்காக வைத்து, மேலே லேசாக ஈரமான டிஷ்யூ பேப்பர் போட்டு மூடுங்கள்.

பல்குத்தி செருக வேண்டுமா?

குளிர வைத்த ரோலுக்கு வேண்டாம். அவிழ்கிறது என்பதற்காகச் செருகுகிறீர்கள் என்றால், இன்னும் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மிச்சமானால்?

மேசைக்கு வராமல் ஃப்ரிட்ஜிலேயே இருந்தவை மறுநாள் மதியத்துக்கு ஆகும். கொஞ்சம் வெண்ணெய் விட்டு, வாணலியில் வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, பொன்னிறமாகும் வரை விடுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் சீஸ் வாணலியோடு ஒட்டிக்கொள்ளும். தானாக விட்டு வரும்போது திருப்புங்கள். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை, எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், குப்பையில் போடுங்கள்.